டிக்ரோம் பந்து வீசியும் தோற்ற 18 ஆட்டங்கள்

2018ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் லீகில் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஜேக்கப் டிக்ரோம் 32 ஆட்டங்களில் தொடக்கப் பந்துவீச்சாளராக இறங்கினார். 217 இன்னிங்ஸ் வீசினார் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்), 269 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தைக் களத்துக்குள் அடிக்க விடாமலேயே வெளியேற்றினார். தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி வெறும் 1.70. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுக்கு அந்த ஆண்டு தேசிய லீகில் வாக்களித்த 30 பேரில் 29 பேர் அவர் பெயரைத்தான் முதலிடத்தில் எழுதினார்கள். ஆனால் அவர் பெயரில் பதிவான வெற்றி தோல்விக் கணக்கு 10-9. மற்ற ஆட்டங்களின் முடிவு அவருக்குப் பின் வீச வந்தவர்களின் பெயரில் சேர்ந்தது. அவர் தொடங்கிய அந்த 32 ஆட்டங்களில் மெட்ஸ் வென்றது 14, தோற்றது 18.

பந்தயம் கட்டுகிறவரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். லீகின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் யார் என்பதை அவர் சீசன் தொடங்கும் முன்பே சரியாகக் கணித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டிக்ரோம் வீசும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மெட்ஸ் மீது 100 டாலர் கட்டுகிறார். கட்டிய பணத்துக்குச் சமமான பணம் கிடைக்கும் விலை என்றால்கூட சீசன் முடிவில் அவர் 400 டாலர் இழந்திருப்பார். டிக்ரோம் பெயர் பட்டியலில் இருந்தாலே மெட்ஸின் விலை ஏறிவிடும், அதாவது வென்றால் கிடைக்கும் பணம் குறையும் என்பதால் உண்மையான இழப்பு அதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஆட்டக்காரரைப் பற்றிய கணிப்பு முழுக்கச் சரி, பணம் மட்டும் போய்விட்டது.

பேஸ்பால் எண்களை நான் பல ஆண்டுகளாக நேசித்து வருகிறேன். தரவுப் பகுப்பாய்வுதான் என் தொழில், வசிப்பது சிகாகோவில். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. 2020இல் இங்கே இல்லினாய்ஸ் மாநிலத்திலும் சட்டப்படியான பந்தயம் தொடங்கியது. அதன் பிறகு என்னைச் சுற்றி பேஸ்பால் பேச்சே மாறிப்போனது. நேற்று யார் நன்றாக ஆடினார் என்று பேசிய இடத்தில் இன்று எதன் மீது கட்டலாம் என்று பேசுகிறார்கள். இந்தியாவில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. நான் எழுதுவது அமெரிக்க நடைமுறையைப் பற்றி மட்டுமே.

என் அலுவலகத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறார். கிரிக்கெட்டில் வளர்ந்தவர், இங்கு வந்து பேஸ்பாலில் விழுந்துவிட்டார். ஒருநாள் மதிய உணவின்போது கைப்பேசியை நீட்டி, "அண்ணா, இந்த பிட்சர் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்திருக்கிறார். இன்றைக்கும் இவர்தான் வீசுகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துத்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டது.

பேஸ்பால் புள்ளிவிவரத்தின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாற்றை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: ஒரு எண்ணில் ஆட்டக்காரரின் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு? கன்சாஸில் ஒரு உணவுப் பதப்படுத்தும் ஆலையில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் 1970களில் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டார். அவர் தந்த எளிய சூத்திரம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை விழுக்காடு ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும்.

2012இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 ஆட்டங்களை வென்றது. எடுத்த ரன் 712, கொடுத்தது 705. சூத்திரப்படி அது 82 வெற்றிக்குரிய அணி. மீதி 11 வெற்றி எங்கிருந்து வந்தது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அந்த அணி 29 வென்று 9 மட்டுமே தோற்றிருந்தது. நெருக்கடியில் கலங்காத அணி என்று அப்போது புகழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்த வெற்றி 85ஆக இறங்கியது. முதல் ஆண்டின் வெற்றிக் கணக்கை நம்பியவருக்கும் ரன் கணக்கை நம்பியவருக்கும் இடையே இருந்த தூரம் அது.

பந்துவீச்சாளரின் வெற்றிக் கணக்கு இதைவிடவும் மோசமான வழிகாட்டி. தம்பி சொன்ன ஏழு வெற்றியில் அவருடைய அணி அவருக்காக எத்தனை ரன் எடுத்தது, அவர் ஆறாவது இன்னிங்ஸில் வெளியேறிய பிறகு மாற்றுப் பந்துவீச்சாளர்கள் எப்படிக் காத்தார்கள் என்பதெல்லாம் கலந்திருக்கிறது. இன்று ஒரு தொடக்கப் பந்துவீச்சாளர் சராசரியாக ஐந்து இன்னிங்ஸுக்குச் சற்று மேல்தான் வீசுகிறார். ஆட்டத்தின் கிட்டத்தட்ட பாதி அவர் கையில் இல்லை. 2010இல் சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 என்ற கணக்கோடு சை யங் விருது வாங்கியபோதே விருதுக் குழுவினர் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

அடுத்த அடி இன்னும் ஆழமானது. 2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்ற ஆய்வாளர் ஒன்றைச் சொன்னார், கேட்டவர்கள் முதலில் நம்ப மறுத்தார்கள். மட்டையில் பட்டு களத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகிறதா (மட்டையாளர் ஓடி, பேஸ் எனப்படும் நிறுத்தத்தைப் பத்திரமாக அடைகிறாரா), அவுட் ஆகிறதா என்பதில் பந்துவீச்சாளரின் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார் அவர். லீக் முழுவதும் அப்படி விழும் பந்துகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஹிட் ஆகின்றன. ஒரு பந்துவீச்சாளருக்கு இந்த எண் ஒரு ஆண்டு 26, மறு ஆண்டு 33 என்று தாவும், அவருடைய வீச்சில் எந்த மாற்றமும் இல்லாமலேயே. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் காரணம் தெரியும். சீசனில் 500 பந்துகள் களத்துக்குள் போனால், தற்செயல் ஒன்றே பத்து ஹிட்களைக் கூட்டவோ குறைக்கவோ போதும். அதற்குத் தடுப்பாட்டக்காரர்களின் வேகமும் மைதானத்தின் அமைப்பும் மேலும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் பந்துவீச்சாளரின் கையில் இருப்பது என்ன? ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் மட்டையாளருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்), உடலில் படும் பந்து, ஹோம் ரன் (சுவரைத் தாண்டும் அடி). இந்த நான்கை மட்டும் வைத்து டாம் டேங்கோ ஒரு அளவுகோலை வகுத்தார். ஹோம் ரன்களை 13ஆல் பெருக்குங்கள், வாக்கையும் உடலில் பட்டவற்றையும் 3ஆல் பெருக்கிச் சேருங்கள், ஸ்ட்ரைக் அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழியுங்கள், இன்னிங்ஸால் வகுங்கள். பிறகு லீக் சராசரியோடு பொருந்துவதற்காக 3ஐ ஒட்டிய ஒரு மாறிலியைக் கூட்டுங்கள். 2018இல் டிக்ரோம் கொடுத்தது 10 ஹோம் ரன், 46 வாக், உடலில் பட்டவை 5. விடை 2க்குச் சற்றுக் கீழே வரும். அவருடைய 1.70 பெரும்பாலும் உண்மையான திறமைதான் என்று இந்த அளவுகோல் உறுதி செய்கிறது. மெட்ஸின் 18 தோல்விக்கு விளக்கம் அவருடைய கையில் இல்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

பந்தயம் கட்டுகிறவர்கள் ஏப்ரல் மாதத்தில் மிகவும் பதற்றமாக இருப்பார்கள். சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒருவர் .400 அடித்துக்கொண்டிருப்பார் (மட்டை பிடித்த பத்து முறையில் நான்கு ஹிட்), இன்னொருவர் .150இல் தவிப்பார். இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த விடை 1970ஆம் ஆண்டின் எண்கள். பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் அந்த ஆண்டில் 18 ஆட்டக்காரர்கள் முதல் 45 முறை மட்டை பிடித்தபோது எடுத்த சராசரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் உச்சியில் ராபர்டோ கிளமென்டே, .400. அடியில் மேக்ஸ் ஆல்விஸ், .156. 18 பேரின் பொதுச் சராசரி .265. சீசனின் மீதிப் பகுதியில் ஒவ்வொருவரும் எவ்வளவு அடிப்பார்கள் என்று ஊகிக்க வேண்டும்.

அவரவர் எண்ணையே நம்பினால் என்ன ஆகும்? கிளமென்டே மீதி சீசனில் அடித்தது .346, ஆல்விஸ் .200. இருவருமே நடுவை நோக்கி நகர்ந்தார்கள். எஃப்ரானும் மோரிஸும் காட்டியது இதுதான்: ஒவ்வொருவரின் எண்ணையும் குழுவின் சராசரியை நோக்கிப் பலமாக இழுத்துவிட்டு ஊகித்தால், மொத்தப் பிழை பல மடங்கு குறைகிறது. 45 முறை என்பது ஒருவரைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குரிய எடையை மட்டுமே அதற்குத் தர வேண்டும்.

கிளமென்டே விஷயத்தில் இந்த முறை அதிகமாகவே கீழே இழுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சாதாரண மட்டையாளர் இல்லை. முந்தைய பல ஆண்டுகளின் சாதனை அவருக்கு இருந்தது. 45 முறையை மட்டும் பார்த்த சூத்திரத்துக்கு அது தெரியாது. 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிப் பொருள்களோடு கிளம்பிய விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தபோது, அவருடைய கணக்கில் சரியாக 3,000 ஹிட்கள் இருந்தன. அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் இதையும் எழுதிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆகவே நடுவை நோக்கி இழுக்கும்போது எந்த நடுவை நோக்கி என்ற கேள்வியும் இருக்கிறது. லீக் சராசரியா, அந்த ஆட்டக்காரரின் மூன்று ஆண்டுச் சராசரியா, அவர் வயதுக்காரர்களின் சராசரியா? நல்ல கணிப்பு முறைகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் உழைக்கின்றன.

இவ்வளவு படித்த பிறகு ஒருவருக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பு. வெற்றிக் கணக்கைப் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவே நான் உள்ளே இருக்கும் எண்ணைப் பார்க்கிறேன், ஆகவே நான் வெல்வேன் என்ற நம்பிக்கை. மெக்கிராக்கனின் கட்டுரை வந்த புதிதில் அப்படி வென்றவர்கள் இருந்திருக்கலாம். இன்று இந்த எண்கள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. 2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகம், சுழற்சி, மட்டையிலிருந்து கிளம்பிய வேகம், கோணம் எல்லாம் அளக்கப்படுகின்றன, பெரும்பகுதி பொதுமக்களுக்கும் கிடைக்கிறது. பந்தய நிறுவனங்களில் விலை நிர்ணயிப்பவர்களும், பெருந்தொகை கட்டும் குழுக்களும் இதே எண்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஏழு ஆட்டம் வென்றவரின் உண்மைத் திறமை சராசரிதான் என்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே விலைக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே விலையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விலை −150, +130 என்பதுபோல் இருக்கும். −150 என்றால் 100 டாலர் வெல்ல 150 டாலர் கட்ட வேண்டும். அந்த அணி 60 விழுக்காடு வென்றால்தான் முதலுக்கு மோசமில்லை. +130 என்றால் 100 கட்டினால் 130 கிடைக்கும். அதற்கு 43.5 விழுக்காடு போதும். இரண்டையும் கூட்டினால் 103.5 வருகிறது. ஒரு ஆட்டத்தின் நிகழ்தகவு 100ஐத் தாண்ட முடியாது. அந்த 3.5தான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் தரகு. இரு பக்கமும் −110 என்று விலை வைத்த பந்தயங்களில் முதலுக்கு மோசமில்லாமல் இருக்க 52.4 விழுக்காடு வெல்ல வேண்டும்.

இந்த எண்களைப் பேஸ்பாலின் இயல்போடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 162 ஆட்டங்களில் 100 வென்றால் அது மகத்தான அணி, விழுக்காட்டில் 61.7 மட்டுமே. 2001இல் 116 வென்று சாதனை படைத்த சியாட்டில்கூட 71.6. நவீன காலத்தில் மிக மோசமான தோல்விக் கணக்கு 2024 சிகாகோ ஒயிட் சாக்ஸுடையது, 121 தோல்வி. அந்த அணியும் 41 முறை வென்றது. சொந்த மைதானத்தில் ஆடும் அணிகள் மொத்தத்தில் 54 விழுக்காடு வெல்கின்றன. எந்த ஓர் இரவிலும் எந்த அணியும் தோற்கலாம் என்ற ஆட்டத்தில் −180 விலைக்கு ஒரு அணியை வாங்குகிறவர் அது 64.3 விழுக்காட்டுக்கு மேல் வெல்லும் என்று சொல்கிறார். நல்ல அணி என்பதற்காக வாங்குகிறோம் என்பது அந்த விலைக்குப் போதுமான பதில் ஆகாது.

விலைக்குள் முழுவதும் நுழையாத செய்தி எங்காவது மிச்சமிருக்குமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் காற்று. நான் வசிக்கும் ஊரின் ரிக்லி ஃபீல்டு மைதானம் மிச்சிகன் ஏரிக்கு அருகில் இருக்கிறது. ஏப்ரலில் ஏரியிலிருந்து குளிர்காற்று மட்டையாளரின் முகத்துக்கு நேராக அடிக்கும். நன்றாக அடிபட்ட பந்துகூட மேலே எழும்பி நின்று தடுப்பாட்டக்காரரின் கையுறையில் விழும். கோடையில் தென்மேற்குக் காற்று வெளிப்புறம் நோக்கி வீசினால் சாதாரண உயரப் பந்து சுவரைத் தாண்டும். 1979 மே 17 அன்று அப்படிப்பட்ட காற்றில் பிலடெல்பியா 23, ரிக்லியின் சொந்த அணியான சிகாகோ கப்ஸ் 22 என்று பத்து இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்தது. அதனால்தான் ரிக்லி ஆட்டங்களுக்கு மொத்த ரன் எத்தனை என்ற பந்தயத்தின் விலையைப் பல நிறுவனங்கள் காற்றின் திசை தெரியும் வரை வெளியிடுவதே இல்லை. மொத்த ரன் ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே எங்கே நிற்கும் என்பதைக் காற்று தீர்மானிக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து அதிக தூரம் போகும், வளைபந்து குறைவாக வளையும். 2002இல் அங்கே பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைக்க ஆரம்பித்தார்கள், ரன்கள் குறைந்தன. 2022இல் 30 மைதானங்களுக்கும் அந்த அறை கட்டாயமானது. பந்தே மாறுகிறது என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019இல் லீக் முழுவதும் 6,776 ஹோம் ரன்கள் என்ற சாதனை அளவு, 2022இல் 5,215. ஆட்டக்காரர்கள் மூன்றே ஆண்டில் பலம் இழந்துவிடவில்லை. 2019 எண்களை வைத்துக் கட்டிய கணிப்பு முறை 2022இல் மாதக்கணக்கில் அதிக ரன்களை எதிர்பார்த்து ஏமாந்திருக்கும்.

விதிமாற்றமும் இப்படித்தான். 2023இல் பந்து வீசுவதற்கு நேர வரம்பு வந்தது, தடுப்பாட்டக்காரர்களை ஒரே பக்கம் குவிப்பதற்குத் தடை வந்தது, பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. மட்டையில் பந்து படாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கும் திருட்டு பேஸ்கள் 2,486லிருந்து 3,503க்கு ஏறின. இருபது ஆண்டுத் தரவு கையில் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவரிடம் நான் முதலில் கேட்பது அதில் எத்தனை ஆண்டு இன்றைய ஆட்டத்துக்குப் பொருந்தும் என்பதைத்தான்.

இனி தம்பியின் கணக்குக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். அவர் ஒருநாள், "அண்ணா, இந்த சீசனில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறேன்" என்றார். பந்துவீச்சாளரின் 10-9 கணக்கைப் பார்த்து இதில் தற்செயல் எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொண்ட நாம், நம்முடைய கணக்கைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பதில்லை.

ஆயிரம் பேர் நாணயத்தைச் சுண்டி, ஆளுக்கு 500 பந்தயம் கட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். எந்த அறிவும் இல்லாமலேயே அவர்களில் பத்துப் பேருக்கு மேல் 55 விழுக்காடு வென்றிருப்பார்கள். நமக்குக் காதில் விழுவது அவர்கள் குரல்தான், மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். மறுபுறம், உண்மையிலேயே 55 விழுக்காடு வெல்லும் திறமை உள்ள ஒருவர் −110 விலையில் கட்டும் 500 பந்தயத்துக்குப் பிறகு நஷ்டத்தில் இருப்பதற்கு ஏறத்தாழ ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 500 பந்தயம் என்பது பலருக்கு முழு சீசன். அதன் முடிவில்கூட திறமைசாலியையும் அதிர்ஷ்டசாலியையும் வெற்றி எண்ணிக்கை பிரித்துக் காட்டாது.

இதைப் பிரித்துக் காட்டும் வேறு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் கணத்தில் சந்தையில் நிற்கும் கடைசி விலையோடு நீங்கள் வாங்கிய விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கடைசி விலையில் ஆட்டக்காரர் பட்டியல், காயம், காற்று, பெரிய குழுக்களின் பணம் எல்லாம் கலந்துவிட்டிருக்கும். நீங்கள் காலையில் +120க்கு, அதாவது 45.5 விழுக்காட்டுக்கு வாங்கிய அணி ஆட்டம் தொடங்கும்போது +105இல், அதாவது 48.8இல் நின்றால், அந்த இரவு அணி தோற்றாலும் உங்கள் கணிப்பு நல்ல கணிப்பு. இது எப்போதாவது நடந்தால் தற்செயல், வாரம் தவறாமல் நடந்தால் திறமை. வெற்றி தோல்வியைவிட மிக விரைவில் உண்மையைச் சொல்லிவிடும். பந்துவீச்சாளரின் வெற்றிக் கணக்கை விட்டுவிட்டு ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும் பார்ப்பதுபோல இதுவும்.

நான் பணம் வைப்பதில்லை. ஆட்டங்களின் நிகழ்தகவை விலையைப் பார்ப்பதற்கு முன் எழுதிவைத்து, கடைசி விலையோடு ஒப்பிடுகிறேன். அதில் எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி இருக்கிறது. என் கணக்கும் கடைசி விலையும் வேறுபடும் இடங்களில் பெரும்பாலும் கடைசி விலையே உண்மைக்கு அருகில் நிற்கிறது. ஏன் வேறுபட்டது என்று தேடும்போது, முந்தைய மூன்று நாளும் வீசி அன்று ஓய்வெடுத்த ஒரு மாற்றுப் பந்துவீச்சாளரோ, பட்டியலில் அன்று இல்லாமல் போன ஒரு கேட்சரோ அகப்படுவார்கள். ஆட்டத்தை இப்படித்தான் நான் கற்றேன்.

பணம் வைப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. இல்லினாய்ஸ் மாநிலம் 2025 ஜூலை முதல் ஒவ்வொரு பந்தயத்துக்கும் தனி வரி விதித்தது. அதைத் தொடர்ந்து செப்டம்பர் முதல் பெரிய நிறுவனங்கள் சில பந்தயம் ஒன்றுக்கு 50 சென்ட் கட்டணம் வாங்குகின்றன. தம்பி வழக்கமாகக் கட்டுவது 10 டாலர். −110 விலையில் 52.4ஆக இருந்த அவருடைய எல்லைக்கோடு அந்த ஒரு கட்டணத்தால் 55க்குப் போய்விட்டது. அதற்கு மேல் அவருக்குப் பிடித்தது நான்கு ஆட்டங்களைக் கோத்து, நான்கும் வென்றால்தான் பணம் என்று கட்டும் தொடர் பந்தயம். −110 விலையில் தனிப் பந்தயத்தில் 100க்கு 4.5 டாலர் நிறுவனத்துக்குப் போகிறது என்றால், நான்கைக் கோத்தால் 17 டாலர் போகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் தரகு பெருகுகிறது. கைப்பேசிச் செயலிகள் இந்த வகையை ஏன் முதல் பக்கத்தில் வைக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இது என்னை உண்மையாகவே கோபப்படுத்துகிறது.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இல் தந்த சூத்திரம் புகழ்பெற்றது. 55 விழுக்காடு வாய்ப்பு உள்ள பந்தயத்தில் −110 விலைக்குக் கையிருப்பில் 5.5 விழுக்காடு கட்டச் சொல்லும். ஆனால் உங்கள் 55 உண்மையில் 52 என்றால் ஒரு காசும் கட்டக் கூடாது என்றும் அதே சூத்திரம் சொல்லும். நம் கணிப்பில் மூன்று விழுக்காடு பிழை இருப்பது மிகச் சாதாரணம் என்பதால், தெரிந்தவர்கள் அது சொல்வதில் பாதியோ கால்வாசியோதான் கட்டுகிறார்கள்.

எல்லாக் கணக்குக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. களத்தில் இருக்கும் அனைவரும் வெல்வதற்காக ஆடுகிறார்கள் என்பதே அது. 1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எழுந்த விவகாரத்தில் எட்டுப் பேர் ஆயுள் தடை பெற்றார்கள். 4,256 ஹிட்கள் எடுத்த பீட் ரோஸ், தான் மேலாளராக இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989இல் விலக்கப்பட்டார். 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் இரண்டு பந்துவீச்சாளர்கள், தனித்தனிப் பந்துகள் மீதான பந்தயங்களுக்காகக் குறிப்பிட்ட பந்துகளை வேண்டுமென்றே மாற்றி வீசியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். இருவரும் அதை மறுத்தார்கள். அதன் பிறகு ஒற்றைப் பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வந்தது. அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதைக் கணிக்கும் புள்ளிவிவரம் என்னிடம் இல்லை, அதன் மீது கட்டுகிறவர்களிடமும் இல்லை. அந்தப் பந்தயத்தையே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் பேஸ்பால் உலகத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜப்பானிய நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஒஹ்தானியின் மொழிபெயர்ப்பாளராக இருந்த இப்பெய் மிசுஹாரா சட்டவிரோதத் தரகர் ஒருவரிடம் ஏறத்தாழ 19,000 பந்தயங்கள் கட்டியதாக நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. வென்றது 14 கோடி டாலருக்கு மேல், தோற்றது 18 கோடிக்கு மேல், நிகர இழப்பு சுமார் 4 கோடி டாலர். ஒஹ்தானியின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1.7 கோடி டாலர் திருடிய குற்றத்துக்காக 2025இல் அவருக்கு நான்கு ஆண்டு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 14 கோடி டாலர் வென்றார் என்ற பாதியை மட்டும் கேட்டால் அது வெற்றிக் கதையாகத்தான் ஒலிக்கும்.

கடைசியாக, கடைசி விலை அளவுகோலைப் பந்தய நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன, நம் மீது. வாடிக்கையாளர் இதுவரை வென்றாரா, தோற்றாரா என்பதைவிட அவர் வாங்கிய விலைகள் கடைசி விலையைத் தொடர்ந்து முந்துகின்றனவா என்பது அவர்களுக்கு அதிகம் சொல்கிறது. முந்துகிறவர் அந்த மாதம் நஷ்டத்தில் இருந்தாலும் அவர் கட்டக்கூடிய தொகையைச் சில டாலர்களாகக் குறைத்துவிடுகிறார்கள். முந்தாதவர்களுக்கு வரம்பு வருவதில்லை. சலுகைகள் வருகின்றன. தம்பியிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு வாரா வாரம் இலவசப் பந்தயம் தருகிறார்களே அண்ணா" என்றார். அதன் பொருளை இருவரும் சேர்ந்தே கணக்குப் போட்டோம். அவர் வாங்கிய விலைகளைப் பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசி விலையை எழுதினோம். பாதிக்கு மேல் வென்றதாகச் சொன்ன அந்த சீசனில் அவர் கடைசி விலையை முந்தியது மிகச் சில முறைதான்.

அடுத்த சீசன் மார்ச் இறுதியில் தொடங்குகிறது. பணம் வைக்காமல் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். நான்கு பத்திகள் போட்டுக் கொடுத்திருக்கிறேன்: விலையைப் பார்க்கும் முன் அவருடைய நிகழ்தகவு, அப்போதைய விலை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலை, இரண்டுக்கும் இடையே என்ன செய்தி வந்தது. யார் வென்றார்கள் என்பதற்குப் பத்தி வைக்கவில்லை.